பனியனில் நான் அச்சடித்த ஜெர்மன் தளபதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே ஏழு வருடங்களைக் கடத்திவிட்டேன். ஒவ்வொரு கந்த சஷ்டி விரதம் முடிந்ததும் ஒரு நோட்டு வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. அந்த நோட்டுகளில் எல்லாம் என் மனைவி கோலம் வரைந்து பார்த்துத் தீர்த்துவிட்டாள். நான் ஒன்பதாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு சாக்குதான். எழுதினால் சொந்தபந்தத்தில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் போய்விடும் என்பதுதான் உண்மை.

நாங்கள் பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டிய குடும்பம். நான் திருப்பூருக்கு வந்து, பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்தேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, நான்கு நீள மேஜைகள், பதினான்கு ஆட்கள். கம்பெனியில் துணியை வெட்டி வேனில் அனுப்புவார்கள். நாங்கள் படத்தை அடித்துத் திருப்பி அனுப்பினால் அங்கே தைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மரச்சட்டம் உண்டு. சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, படத்தை அதில் இறக்கியிருப்போம். மண்டை ஓடாகட்டும், வாத்துக்குஞ்சாகட்டும், புரியாத பாஷையில் எழுத்தாகட்டும், இது என்ன என்று நாங்கள் கேட்பதில்லை. கலர் ஒத்துப்போகிறதா, படம் நகராமல் விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான் எங்கள் கவலை. திருப்பூரில் யாருமே கேட்பதில்லை.

ஒரு புரட்டாசி மாதம். எங்களுக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் ஒரு புதுப் படத்தோடு வந்தார். வெளிநாட்டு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கப்பல் ஏறும்வரை கவனிப்பது அவர் வேலை. முப்பது வயது இருக்கும், கைபேசியைக் காதில் இருந்து எடுக்கவே மாட்டார். அவர் விரித்த படத்தில் ராணுவ உடையில் ஒரு பெரிய மனிதர். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். கழுத்தோரம் பதக்கம். தலையில் தொப்பி. தொப்பியில் ஒரு கழுகு, அதன் காலில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. கண்கள் ரொம்ப அமைதியாக இருந்தன.

"இது யாருங்க தம்பி?" என்று நான் கேட்டேன். எப்போதும் கேட்காதவன் அன்றைக்கு ஏன் கேட்டேனோ.

"ஜெர்மன்காரருங்கண்ணா. அந்தக் காலத்து மிலிட்டரி ஜெனரல். செத்து ரொம்ப வருசமாச்சுங்க. அங்க ஒரு சின்னக் கடைக்காரன் கேக்கறான். பழைய பட்டாளத்துக்காரங்க, அவங்க பசங்க எல்லாம் வாங்கிப் போட்டுக்குவாங்களாட்ட இருக்குது."

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, உங்க மாமனாரைக் கொண்டாந்து நிறுத்தின மாதிரி இருக்கு. அதே முறைப்பு" என்றார்.

"மெதுவாச் சொல்லுங்க மாஸ்டர். ஊட்டுக்குள்ள கேட்டுப்போகும்" என்றேன்.

பனியனின் முதுகுப்பக்கத்துக்கு வேறு ஒரு படம் இருந்தது. அதில் முகம் இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு வருடம், பக்கத்தில் ஒரு ஊர். பாட்டுக்காரர்கள் கச்சேரிக்குப் போன ஊர்களை இப்படி முதுகில் வரிசையாகப் போட்டு நிறைய அடித்திருக்கிறோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"அவரோட சர்வீஸுங்கண்ணா" என்றார் மெர்ச்சண்டைசர். "எந்த வருசம் எங்க போஸ்டிங்குன்னு."

இத்தனை ஊருக்குப் போயிருக்கிறாரே, நாட்டுக்கு உழைத்த மனிதர் போலிருக்கிறது என்று எனக்கு மரியாதையே வந்தது.

பாதித் துணிக்கு அடித்து அனுப்பிவிட்டோம். மீதித் துணி சாயப்பட்டறையிலிருந்து வரத் தாமதமானது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்குச் சட்டங்களை எல்லாம் கழுவித் துடைத்து அடுக்குவோம். பாதியில் நிற்கிற வேலையின் சட்டத்தை மட்டும் முருகப்பெருமான் படத்தை ஒட்டி நடுவில் நிறுத்துவோம். அந்த வேலை தடங்கல் இல்லாமல் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்காக. வழக்கமாகச் சந்தனமும் குங்குமமும் மரச்சட்டத்தின் மேல் விளிம்பில்தான் வைப்போம். வலைத்துணியில் வைத்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, நெற்றி என்று ஒன்று இருக்கும்போது கட்டையில் வைப்பானேன் என்று அந்த மனிதரின் நெற்றியிலேயே சந்தனத்தை இழுத்தேன். தொப்பியில் கழுகின் காலடியில் வட்டம் காலியாகக் கிடந்தது. குங்குமத்துக்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு பொட்டு வைத்தேன். செவ்வந்தி மாலை போட்டேன். மணி அடித்துச் சூடம் காட்டும்போது முருகனுக்கும் அவருக்கும் சேர்த்தே காட்டினேன். ஆட்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் கைகட்டி நின்று பொரி வாங்கிக்கொண்டார்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் கம்பெனி கார் வந்தது. மெர்ச்சண்டைசருடன் ஒரு வெளிநாட்டு அம்மா இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். குழந்தைத் துணி வாங்குகிற வேறொரு பெரிய கடைக்காக, சரக்கின் தரம் பார்க்க வந்தவர். இன்னொரு மேஜையில் வாத்துக்குஞ்சுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தார். குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் கெடுதல் வராத சாயமா என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார், குறித்துக்கொண்டார், முகம் கொடுத்துச் சிரித்தார். என் மனைவி அந்த வாரம் தங்கச்சியின் பிரசவத்துக்காகப் பல்லடம் போயிருந்தாள். நானே உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் பூஜை இடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். மாலையும் பொட்டுமாக அந்தச் சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முருகனைப் பார்க்கவில்லை. கீழே இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை நீட்டினேன், வாங்கவில்லை.

அவர் ஏதோ கேட்க, மெர்ச்சண்டைசர் என்னிடம் திரும்பி, "அண்ணா, இவரு உங்களுக்கு யாரு, எதுக்குக் கும்பிடறீங்கன்னு கேக்கறாங்க" என்றார்.

"ஓடற வேலைங்க. அதனால வச்சோம். யாரோ பெரிய மனுசர்ன்னு தானுங்க" என்றேன்.

அவர் முதுகுப்பக்கத்துச் சட்டம் எது என்று கேட்டு, அதை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். மாஸ்டர் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சொல்லச் சொல்ல, மெர்ச்சண்டைசர் தமிழில் சொன்னார்.

முதல் வரி, பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தது. அடுத்து முதல் உலக யுத்தத்தில் சின்ன அதிகாரியாகக் காயம்பட்டது. பிறகு சில வருடம் சும்மா இருந்தது. அதற்கப்புறம் அந்த நாட்டில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சிக்குக் கைகட்டி நின்றவர்களுக்கு மேலே மேலே பதவி. வடக்கே ஒரு நாட்டைப் பிடிக்கப் போனது ஒரு வரி. கிழக்கே போனது ஒரு வரி. கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது.

"இதுதான் எங்க நாடுன்னு சொல்றாங்கண்ணா. கிரேக்க நாடு. அங்க மலைப் பக்கத்துக்கெல்லாம் இவருதான் அதிகாரியாம். பள்ளிக்கூடத்தை ஆபீஸ் ஆக்கி உக்காந்திருந்தாராம்."

அப்புறம் அவர் கொஞ்ச நேரம் பேசினார். மெர்ச்சண்டைசர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு சொன்னார்.

அந்த ஜெனரல் யாரையும் கையால் தொட்டவர் இல்லையாம். வீதியில் வயதான பெண்களைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வாராம். முட்டை வாங்கினால் காசு கொடுத்துவிடுவாராம். சர்ச்சில் பாட்டு நடந்தால் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்பாராம். மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அவர் வேலை. எங்கள் சிப்பாய் ஒருவன் செத்தால் உங்களில் இத்தனை பேர் என்று ஒரு உத்தரவு. ஒருநாள் மலை ரோட்டில் சிப்பாய்கள் இரண்டு பேரை யாரோ சுட்டுவிட்டார்கள். அந்த அம்மாவின் பாட்டன் ஊர் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் அந்த ஊர் செய்த குற்றம். பெண்களையும் குழந்தைகளையும் சர்ச்சுக்குள் அடைத்தார்கள். ஆண்களைக் களத்துமேட்டில் நிறுத்தினார்கள். அவர் பாட்டனும் மாமனும் அதில் நின்றார்கள். அவர் அம்மா அப்போது ஆறு வயதுக் குழந்தை. சர்ச்சுக்குள் இருந்து சத்தத்தை மட்டும் கேட்டது.

"யுத்தம் முடிஞ்சு கோர்ட்டுல நிறுத்தினாங்களாம். கொஞ்ச வருசத்துல வெளிய வந்துட்டாராம். பென்சன் வாங்கிட்டு, தோட்டம் போட்டுக்கிட்டு, நல்லா வயசாகித்தான் செத்தாராம். ஒரு புத்தகமும் எழுதினாராம். இவங்க அதைப் படிச்சிருக்காங்களாம். அதுல அந்த ஊரு பேரே இல்லீங்களாம். மலைப் பகுதியில அமைதியைக் காப்பாத்தினேன்னு ஒரே ஒரு வரி இருக்குதாம்."

அந்த அம்மா தொப்பியில் இருந்த வட்டத்தைக் காட்டினார். அங்கே இருந்த அந்த ஆட்சியின் அடையாளத்தைப் போட இப்போது ஜெர்மனியில் தடை, அதனால் காலியாக விட்டிருக்கிறார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார். என் குங்குமம் அவர் விரல் நுனியில் ஒட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். நான் மாலையை எடுத்தேன். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தேன். சந்தனம் வலையில் ஏறியிருந்தது, சீக்கிரம் போகவில்லை.

"மீதி அடிப்பீங்களான்னு கேக்கறாங்கண்ணா" என்றார் மெர்ச்சண்டைசர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இல்லையாம். அவங்க கம்பெனி வேலை இல்லையே. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறாங்களாம்."

நான் முருகன் படத்துப் பக்கம் கையைக் காட்டினேன். "அடிக்க மாட்டேனுங்க. சாமி சத்தியமா" என்றேன். அதைத் தமிழிலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. காப்பியை வாங்கி, ஆறிப்போனதைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மதியம் மீதித் துணி வந்து இறங்கியது. பின்னாலேயே மெர்ச்சண்டைசர் வந்தார்.

"அண்ணா, எனக்கும் மனசு ஒரு மாதிரித்தானுங்க இருக்குது. ஆனா ஓனர்கிட்ட இதைப் போய்ச் சொல்ல முடியுமுங்களா? ஏற்கெனவே துணி லேட்டு. பத்து நாள்ல கப்பல். நீங்க அடிக்கலேன்னா வேற பட்டறை அடிச்சிரும். அப்புறம் வாத்துக்குஞ்சு வேலையும் அங்கயேதான் போகும். உங்க பதினாலு பேருக்கும் தீபாவளி நேரத்துல என்ன சொல்லுவீங்க?"

"சத்தியம் பண்ணிட்டனேங்க தம்பி."

"அந்தம்மாகிட்டத்தானுங்களே" என்றார். பிறகு அவருக்கே கூசியது போலிருக்கிறது. "நான் ஒண்ணும் சொல்லலைங்கண்ணா. நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

மாஸ்டர் மேஜைக்கு முன்னால் நின்றார். துணி விரித்தாயிற்று, சாயம் ஊற்றியாயிற்று, சட்டம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

"அடிக்கவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா நான் செய்யுதேன். பாவம்னா அது உங்களோட போகட்டும். எனக்குப் பிள்ளைக இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும்தான் பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்ல நினைத்தேன். "அடிங்க" என்றேன். ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். சாயத்தில் என் கை படவே இல்லை. கொட்டகையில் சாயத்தைத் தேய்த்து இறக்கும் ரப்பர் கட்டை இழுபடும் சத்தம் மூன்று நாள் கேட்டது. நான் பூஜை அறையில் உட்கார்ந்து கவசம் படித்துக்கொண்டிருந்தேன். மேஜையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்ட அந்த மனிதருக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதே மனதில் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது பாவம், தெரியும். ஆனாலும் வந்தது.

அது அந்த அளவில் நின்றிருந்தால்கூட முருகனிடம் முறையிட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கடைசிச் சோதனைக்கு மறுபடி வந்தார். இந்த முறை என் மனைவி இருந்தாள். இலை போட்டு இட்லி வைத்தாள். அவர் கையால் சாப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார். கை கழுவி வந்ததும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். ஜெனரல் என்ற சொல் எனக்கே புரிந்தது.

மெர்ச்சண்டைசர் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். மாஸ்டர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார், அவருக்கும் தெரியும். என் நெற்றியில் திருநீறு. நான் தலையை ஆட்டினேன். "இல்லீங்க. அடிக்கலீங்க. திருப்பி அனுப்பிட்டேனுங்க" என்றேன்.

மெர்ச்சண்டைசர் மாஸ்டரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. உடனே கைபேசியை எடுத்து அவர் ஊருக்குப் பேசினார். அவர் அம்மாவிடம். சர்ச்சுக்குள் இருந்து சத்தம் கேட்ட அந்த ஆறு வயதுக் குழந்தை இப்போது கிழவி. கைபேசியை என் காதில் வைத்தார். ஒரு நடுங்கிய குரல் என்னவோ சொன்னது, நிறுத்தியது, திரும்ப அதையே சொன்னது. நான் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றேன்.

"அவங்க அம்மா உங்க பேரைக் கேக்கறாங்கண்ணா" என்றார் மெர்ச்சண்டைசர். "இவங்க பாட்டன் செத்த நாளு வரும்போது சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். இனிமே உங்க பேருக்கும் ஒண்ணு ஏத்தறாங்களாம்."

பெயர் சொல்லி அர்ச்சனை செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இலையை எடுக்காமல் என் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா அதை எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் மாஸ்டர் வந்தார். "அண்ணாச்சி, அடிச்சது என் கைதான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மெழுகுவத்தியை நெனச்சா எனக்கே பயமா இருக்கு" என்றார். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் கேட்டுப் பார்க்கவில்லை.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு வெள்ளைக்காரன் ஆர்டரையே வேண்டாம்னு திருப்பிட்டாரு" என்று முதலில் தன் அம்மாவிடம் சொன்னாள். அங்கிருந்து அது வளர்ந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் சம்பந்தி ஒருவர் என் தோளில் கைபோட்டு, "இவரு யாருன்னு தெரியுமுங்களா? ஜெர்மன்காரன் நேர்ல வந்து கெஞ்சியும் மாட்டேன்னுட்டாருங்க" என்று பந்தியில் அறிமுகம் செய்தார். கோயில் கமிட்டியில் என்னைச் சேர்த்தபோதும் இதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். நான் எந்த இடத்திலும் ஆமாம் என்று சொன்னதில்லை. சிரித்துக்கொண்டு இருந்தேன். அந்த ஜெனரலின் புத்தகத்தில் ஒரு ஊர் காணாமல் போன மாதிரி, என் கதையில் மூன்று நாள் காணாமல் போய்விட்டது.

இந்த வருடம் சஷ்டி விரதம் முடிந்த அன்று காலை மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள், "அப்ப அந்தக் கிழவி ஏத்தற வெளக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்குத்தான் சொல்றேன்."

"ஏழு வருசமுங்க" என்றாள். எழுந்து உள்ளே போனாள். பிறகு வந்து, "எழுதுங்க. ஊரெல்லாம் சொன்னது நான்தான்னு என்னையும் சேத்து எழுதுங்க. பொய்யின்னு தெரியாமச் சொன்னேன்னும் எழுதுங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கடிதம் போடலாம் என்று மெர்ச்சண்டைசரைத் தேடினேன். அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். அந்த அம்மா அந்தக் கடையை விட்டு எப்போதோ போய்விட்டாராம். விலாசம் யாரிடமும் இல்லை. மலையில் இருக்கும் அந்த ஊரின் பெயரை அவர் அன்று சொன்னார், என் வாயில் அது நுழையவில்லை, மறந்துவிட்டேன். அதனால்தான் இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக்காரர்களோடு பழகுகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். வாயிலிருந்து வாய்க்குப் போனால் என்றாவது ஒருநாள் அந்தச் சர்ச்சு வரைக்கும் போகலாம். கிழவி உயிரோடு இருந்தால், யாருக்கு ஏற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்றட்டும். வேண்டாம் என்று தோன்றினால் அணைத்துவிடட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

சொல்லும்போது இரக்கப்பட்டு எதையும் கூட்ட வேண்டாம். பட்டறை பிழைப்பு, பாவம், என்ன செய்வான் என்று எனக்காக ஒரு வரி சேர்க்க வேண்டாம். கோபப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். நான் அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை என்று சொன்னேன். இந்த இரண்டையும் இதே வரிசையில், இப்படியே சொல்லுங்கள்.